மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? ஏற்காடு மலைப்பாதையை வைத்து ஒரு வேகமான காருக்குக் கியர்பாக்ஸ் தேர்ந்தெடுப்பது எப்படி

வேகமான கார் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் குதிரைத்திறனைக் கேட்கிறார்கள், நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை விநாடியில் தொடும் என்று கேட்கிறார்கள். இரண்டும் விளம்பரத்தாளிலேயே அச்சாகியிருக்கும். ‘எந்தக் கியர்பாக்ஸ் எனக்குச் சரிப்பட்டு வரும்?’ என்ற கேள்விக்கு அதில் பதில் கிடைக்காது. சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு: அந்தப் பதிலைச் சொல்லும் சாலை நம் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. அடிவாரத்தில் ஏறத் தொடங்கினால் ஏற்காடு போய்ச் சேர்வதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரிலிருந்து 1,500 மீட்டருக்கு, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கார் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை வைத்துக் கியர்பாக்ஸ் தேர்ந்தெடுக்கக் கூடாது. அது மெதுவாகப் போக வேண்டிய இடத்தில் எப்படி நடந்துகொள்கிறது, இறக்கத்தில் எப்படிப் பிடித்து நிற்கிறது என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வேகத்தில் எல்லா நல்ல கியர்பாக்ஸும் நன்றாகத்தான் இருக்கும்.

முதல் படி: உங்கள் சாலைகளை எழுதிப் பாருங்கள்

ஆசைப்படும் சாலையை விட்டுவிட்டு, அன்றாடம் ஓட்டும் சாலையை ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்து ரோடு, புதிய பேருந்து நிலையம், அஸ்தம்பட்டி, செவ்வாய்ப்பேட்டை என்று ஊருக்குள்ளேயே எவ்வளவு நேரம் போகிறது? பெங்களூருக்கு 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையிலும் கோயம்புத்தூருக்கு 544-லும் மாதத்துக்கு எத்தனை முறை போவீர்கள்? மலைக்கு எத்தனை முறை?

நெடுஞ்சாலையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். கடைசிக் கியரில் சீராக ஓடும்போது மேனுவலுக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. முந்தும்போது மட்டும் ஆட்டோமேட்டிக் தானே இரண்டு மூன்று கியர் இறங்கிக்கொள்ளும். மேனுவலில் ஆறிலிருந்து நாலுக்கு நீங்கள் இறக்க வேண்டும். பழகிய கைக்கு அது ஒரு வேலையே இல்லை.

வித்தியாசம் தெரிவது ஊருக்குள்ளும் மலையிலும்தான். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் ஊருக்குள் காரை நகர்த்தியவர்களுக்கு இடது முழங்கால் என்ன பாடுபடும் என்று தெரியும். வேகக் கார்களில் கிளட்ச் சாதாரணக் கார்களைவிடக் கொஞ்சம் கனமாகவே இருக்கும். அதிக இழுவையைத் தாங்கிப் பிடிக்க அழுத்தம் கூடிய கிளட்ச் தேவை. தினமும் ஒரு மணி நேரம் நெரிசலில் போகிறவர், முழங்கால் வலி உள்ளவர், வீட்டில் வேறு யாராவது அதே காரை ஓட்டப் போகிறார் என்றால் அதையும் அந்தத் தாளில் எழுதுங்கள்.

இரண்டாம் படி: ஆட்டோமேட்டிக் என்றால் எந்த ஆட்டோமேட்டிக்?

பலர் சறுக்குவது இங்கேதான். ஷோரூமில் ‘ஆட்டோமேட்டிக்’ என்று ஒரே பெயரில் சொல்வார்கள். உள்ளே இருப்பது நான்கைந்து வேறு வேறு இயந்திரங்கள்.

ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸுக்கே ஒரு மோட்டாரை வைத்து கிளட்ச் மிதிக்கச் செய்வது. சின்னக் காருக்குச் சரி, நம் பேச்சுக்கு இதை விட்டுவிடலாம். படிப்படியான கியர்களே இல்லாத சிவிடி சொகுசாக ஓடும். ஆனால் மிதித்தால் சத்தம் முதலில், வேகம் பிறகு. அதையும் விட்டுவிடலாம்.

டார்க் கன்வெர்ட்டர் என்பது பழைய, நம்பிக்கையான வகை. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் எண்ணெய் சுழன்று விசையைக் கடத்துகிறது. மெதுவாக நகரும்போது தேயக்கூடிய எதுவும் அங்கே உரசுவதில்லை. அந்தக் காலத்தில் இது மந்தமாக இருந்தது உண்மை. 2009-ல் இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் பெட்டி வந்த பிறகு அந்தக் குறை போய்விட்டது. பிஎம்டபிள்யூ எம்340ஐ காரில் இருப்பது அந்தக் குடும்பத்துப் பெட்டிதான். 370 குதிரைத்திறனுக்கு மேல் வைத்துக்கொண்டு, நிறுவனக் கணக்குப்படி 4.4 விநாடியில் நூறைத் தொடுகிறது.

டிசிடி என்பது இரட்டைக் கிளட்ச். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொன்று. நீங்கள் மூன்றில் போகும்போதே நாலு தயாராகக் காத்திருக்கும். பந்தயத்துக்காகப் போர்ஷேவும் ஆடியும் 1980-களில் இதைச் சோதித்தன. ஃபோக்ஸ்வேகன் 2003-ல் கோல்ஃப் ஆர்32 காரில் டிஎஸ்ஜி என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இதிலும் உலர்ந்த கிளட்ச், எண்ணெயில் நனையும் கிளட்ச் என்று இரண்டு உண்டு. மலைக்காரர்களுக்கு இந்தப் பிரிவு மிக முக்கியம். ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா 1.5 கார்களில் வரும் ஏழு கியர் டிஎஸ்ஜி உலர்ந்த வகை. கோல்ஃப் ஜிடிஐ, ஆக்டேவியா ஆர்எஸ் கார்களில் இருப்பது நனைந்த வகை. உலர்ந்த கிளட்ச் எடை குறைவு, எரிபொருள் மிச்சம். ஆனால் சூட்டைக் காற்றில் மட்டுமே விட வேண்டும். நனைந்த கிளட்சின் சூட்டை எண்ணெய் எடுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே ஷோரூமில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “இது டார்க் கன்வெர்ட்டரா, டிசிடியா? டிசிடி என்றால் டிரையா, வெட்டா?” பதில் சொல்லத் தெரியாதவரிடம் அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மூன்றாம் படி: விநாடிக் கணக்கைப் பார்த்து மறந்துவிடுங்கள்

ஆட்டோமேட்டிக்தான் வேகம். இதில் வாதம் இல்லை. 2023-ல் வந்த பிஎம்டபிள்யூ எம்2 காரில் ஆட்டோமேட்டிக் 4.1 விநாடி, மேனுவல் 4.3 விநாடி. போர்ஷே 911 ஜிடி3, 992 தலைமுறையில் இரட்டைக் கிளட்ச் 3.4 விநாடி, மேனுவல் 3.9. ஃபார்முலா ஒன்னில் 1989-லேயே ஃபெராரி ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கியர் துடுப்பை (விரலால் இழுத்துக் கியர் மாற்றும் தகடு) வைத்து, அந்தக் காரின் முதல் பந்தயத்தையே பிரேசிலில் ஜெயித்தது. மனிதக் கையால் இயந்திரத்தை முந்த முடியாது.

இருந்தும் பிஎம்டபிள்யூவும் போர்ஷேவும் மேனுவலை இன்னும் செய்து விற்கின்றன, காசு கொடுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அரை விநாடியைத் தாண்டி ஓட்டுகிறவருக்கு அதில் ஏதோ கிடைக்கிறது. அது உங்களுக்கு வேண்டுமா என்பதை அடுத்த படியில்தான் கண்டுபிடிக்க முடியும்.

நான்காம் படி: ஏற்றத்தில் டெஸ்ட் டிரைவ்

ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்தால் அது டெஸ்ட் டிரைவ் ஆகாது. முன்கூட்டியே சொல்லிவைத்து, வார நாளில் காலையிலேயே மலைக்குப் போய்வர நேரம் கேளுங்கள். இருபது முப்பது லட்சம் கொடுக்கப் போகிறீர்கள், கேட்பதில் தயக்கமே வேண்டாம். மறுத்தால், அதே காரை வைத்திருக்கும் தெரிந்தவரிடம் கேளுங்கள். ஞாயிறும் மே மாதக் கோடை விழா நாட்களும் வேண்டாம். அப்போது கூட்டத்தில் ஒன்றும் தெரியாது, மலைப்பாதையை ஒருவழியாக்கி இறங்கும் வண்டிகளைக் குப்பனூர் பக்கம் திருப்பிவிடுவதும் உண்டு.

முதல் சில வளைவுகளிலேயே ஒன்றைக் கவனிப்பீர்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். ஏறும்போது வலப்பக்கம் திரும்பும் வளைவில் வெளிவட்டம் நமக்கு. அகலமாக, சாய்வு குறைவாக இருக்கும். இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்வட்டம். இடமும் குறுகல், ஏற்றமும் செங்குத்து. கியர்பாக்ஸைச் சோதிக்க வேண்டிய இடம் இந்த இடது வளைவுதான்.

மேனுவலில் அங்கே நடப்பது இது. வேகம் 15, 18 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். கியர் இரண்டில் இருக்கிறது. விர்ட்டஸ், ஸ்லாவியாவின் 1.5 டர்போ இன்ஜினை எடுத்துக்கொண்டால், அதன் முழு இழுவையான 250 நியூட்டன் மீட்டர் நிமிடத்துக்கு 1,600 சுற்றில்தான் தொடங்கும். நீங்களோ அதற்குக் கீழே. மிதிக்கிறீர்கள், வண்டி யோசிக்கிறது, லேசாக உதறுகிறது, பிறகு டர்போ விழித்ததும் ஒரே தள்ளாகத் தள்ளுகிறது. அந்த நேரத்தில் ஸ்டீயரிங் இன்னும் முழுசாக ஒடிந்த நிலையில் இருந்தால் உள்பக்க முன்சக்கரம் கிறீச்சிடும். இதற்கு மருந்து, வளைவுக்குள் நுழையும் முன்பே பிரேக்கை முடித்து, தேவையென்றால் ஒன்றுக்கு இறங்கிவிடுவது. இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும்போது ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டிச் சுற்றை ஏற்றினால் கியர் வெண்ணெயாக விழும். இது கைவந்துவிட்டால், ஒவ்வொரு வளைவும் நீங்களே எழுதி நீங்களே வாசிப்பது மாதிரி ஆகிவிடும். மேனுவல் பிரியர்கள் காசு கொடுப்பது இந்த ஒரு நிமிடத்துக்குத்தான். அதை ஓட்டிப் பார்த்து ‘தொல்லை’ என்று தோன்றினால் வெட்கப்பட ஒன்றுமில்லை, உங்களுக்கு ஆட்டோமேட்டிக்தான்.

ஆட்டோமேட்டிக்கில் அதே வளைவில் டி-யில் (சாதாரண ஓட்ட நிலை) ஒரு முறை, எஸ்-இல் (ஸ்போர்ட் நிலை) ஒரு முறை, துடுப்பை வைத்து ஒரு முறை ஏறிப் பாருங்கள். டி-யில் பல பெட்டிகள் மைலேஜுக்காக வளைவின் நடுவிலேயே மேல் கியருக்குத் தாவிவிடும். வெளியே வந்து மிதித்தால் திரும்ப இறங்க ஒரு கணம் எடுக்கும். நல்ல பெட்டி எஸ்-இல் அப்படிச் செய்யாது, இரண்டைப் பிடித்தே வைத்திருக்கும். துடுப்பு ஸ்டீயரிங்கோடு சேர்ந்தே சுழலுவதால், முழுக்க ஒடித்த நிலையில் எந்தத் துடுப்பு எங்கே என்று கை தடவும். அதனால் துடுப்பிலும் கியரை வளைவுக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். கையால் போடும் கியருக்கும் இதே விதிதான்.

இனி மிக முக்கியமான சோதனை. மேலிருந்து ஒரு அரசுப் பேருந்தோ எஸ்டேட் லாரியோ இறங்குகிறது. அதற்கு வளைய முழுச் சாலையும் வேண்டும். ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்று விதி இருந்தாலும், கொண்டை ஊசியில் பேருந்து பாதி வளைந்துவிட்டால் நாம் கீழே நின்றுதான் ஆக வேண்டும். ஏற்றத்தில் நிற்கிறீர்கள், பின்னால் ஒரு கார் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

மேனுவலில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக் காத்திருங்கள். ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் தானே பிரேக் பிடிக்கும் ஹில் ஹோல்ட் வசதி இருந்தால் அது இரண்டு விநாடி அளவுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆஃப் கிளட்ச்சில், அதாவது கிளட்சைப் பாதி மிதித்தபடி, வண்டியைத் தொங்கவிட்டால் ஒரே நிமிடத்தில் கிளட்ச் தீயும் வாடை வரும். டார்க் கன்வெர்ட்டரில் பிரேக்கை எடுத்தால் போதும், எண்ணெயின் தள்ளலிலேயே வண்டி ஓரளவு நிற்கும். இந்த வேலைக்கு இதைவிட நல்ல இயந்திரம் இல்லை. உலர்ந்த டிசிடியில்தான் எச்சரிக்கை தேவை. ஆட்டோமேட்டிக் மாதிரியே நகர்ந்தாலும் உள்ளே நடப்பது ஆஃப் கிளட்ச்தான். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து ஏற்றத்தில் நிறுத்தி வைப்பது, முன்னால் இருக்கும் பேருந்து இரண்டடி நகர்ந்தால் நாமும் இரண்டடி நகர்வது, இரண்டுமே கிளட்சைச் சுடும். பிரேக்கில் நின்று, ஒரு வண்டி நீளம் இடம் விட்டு, பிறகு ஒரே மூச்சாகப் புறப்பட வேண்டும். இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க உங்களால் முடியும் என்றால் உலர்ந்த டிசிடி நன்றாகவே உழைக்கும்.

ஐந்தாம் படி: இறக்கத்தில் டெஸ்ட் டிரைவ்

ஏறிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் இறங்கிப் பார்க்காமல் முடிவெடுக்கவே கூடாது.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஆட்களோடு 1,400 கிலோ எடையுள்ள கார் 1,200 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. அந்த உயரத்தின் ஆற்றல் முழுவதும் சூடாக மாறினால், ஐம்பது லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடலாம். ஒரு பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மீதியைப் பிரேக் வாங்கப் போகிறதா, இன்ஜின் வாங்கப் போகிறதா என்பதை நீங்கள் போடும் கியர்தான் தீர்மானிக்கிறது. எல்லாவற்றையும் பிரேக்கே வாங்கினால், கீழே வர வர மிதி மெத்தென்று ஆகும், வாடை வரும், பிடி குறையும். பெங்களூரிலிருந்து வரும்போது தொப்பூர் கணவாயில் நியூட்ரலில் இறங்கிய லாரிகளுக்கு என்ன ஆகிறது என்று நம் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மேனுவலில் இது எளிது: எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இரண்டில் போட்டால் இரண்டிலேயே இருக்கும், உங்களைக் கேட்காமல் எதுவும் மாறாது. இந்த உறுதிதான் மலையில் மேனுவலின் பெரிய பலம்.

ஆட்டோமேட்டிக்கில் டி-யிலேயே இறங்குபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சில பெட்டிகள் மேல் கியருக்குப் போய் வண்டியைத் தளர்வாக ஓடவிடும். இறக்கம் தொடங்கும் முன்பே எம் (கியரை நாமே மாற்றும் மேனுவல் நிலை) அல்லது எஸ் நிலைக்கு வந்து, இடது துடுப்பை இழுத்து இரண்டில் வையுங்கள். இன்ஜின் மூவாயிரம் சுற்றில் முனகும், முனகட்டும். காலை எடுத்த நிலையில் அந்தச் சுற்றுக்குப் பெட்ரோல் செலவே கிடையாது. பெட்ரோல் தெளிப்பை இன்ஜின் தானே நிறுத்திவிடும். நீங்கள் சோதிக்க வேண்டியது இவைதான்: எம் நிலையில் பெட்டி சொன்ன கியரிலேயே நிற்கிறதா, சிறிது நேரத்தில் தானாக டி-க்குத் திரும்பிவிடுகிறதா? இடது துடுப்பை இழுத்தவுடன் இறங்குகிறதா, யோசிக்கிறதா? இரண்டில் விட்டுப் பிரேக்கைத் தொடாமல் இருந்தால் வேகம் கட்டுக்குள் நிற்கிறதா? டி-யில் அருமையாக இருந்து, இந்தச் சோதனையில் தோற்கும் பெட்டிகள் இருக்கின்றன.

ஆறாம் படி: காசு

ஒரே காரில் மேனுவலுக்கும் டிசிடிக்கும் விலை வித்தியாசம் இந்த 150 குதிரைத்திறன் வகுப்பில் ஏறத்தாழ ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். மேனுவலில் கிளட்ச் தேய்ந்தால் மாற்றுவது எந்த நல்ல மெக்கானிக்கும் செய்யும் வேலை. டிசிடியின் கட்டுப்பாட்டுப் பகுதியில் கோளாறு வந்தால் கம்பெனி சர்வீஸ்தான் கதி, பில்லும் பெரிது. டிசிடி எடுத்தால் நீட்டித்த வாரண்டியையும் சேர்த்தே விலையாகக் கணக்கிடுங்கள்.

இன்ஜினை ரீமேப் செய்யும், அதாவது மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. உலர்ந்த ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டி 250 நியூட்டன் மீட்டர் இழுவைக்காகச் செய்யப்பட்டது. மேலே சொன்ன 1.5 டர்போ இன்ஜின் கம்பெனியிலிருந்து வரும்போதே அந்த எல்லையில்தான் நிற்கிறது. அதற்கு மேல் ஏற்றினால் கிளட்சைப் பணயம் வைக்கிறீர்கள், வாரண்டியும் போகும். ரீமேப் கட்டாயம் வேண்டும் என்றால் மேனுவலை எடுங்கள். பிறகு பலமான கிளட்ச் போட்டுக்கொள்ள வழி உண்டு.

ஏழாம் படி: முடிவு

120 முதல் 160 குதிரைத்திறன் வரையுள்ள கார், ஊர் நெரிசலில் தினமும் அரை மணிக்கு மேல் இல்லை, மாதம் ஒரு முறையாவது மலை ஏறுவீர்கள் என்றால், தயங்காமல் மேனுவல். இந்த வகுப்பில் இன்ஜினின் முழுச் சக்தியையும் நம் சாலையில் பயன்படுத்த முடியும். கியர் உங்கள் கையில் இருந்தால்தான் அந்தச் சக்தி உங்கள் கைக்கு வரும். அல்ட்ரோஸ் ரேசர் மாதிரி மேனுவலில் மட்டுமே வந்த காரும் உண்டு, ஐ20 என் லைன், கிரெட்டா என் லைன், விர்ட்டஸ் ஜிடி மாதிரி இரண்டிலும் வந்தவையும் உண்டு.

அதே வகுப்பில் தினமும் நெரிசல், மலை எப்போதாவது என்றால் டிசிடி எடுக்கலாம். மேலே சொன்ன பிரேக்கில் நிற்கும் ஒழுங்கு மட்டும் விட்டுப்போகக் கூடாது.

250 குதிரைத்திறனுக்கு மேல் போனால் என் ஓட்டு ஆட்டோமேட்டிக்குக்கு. டார்க் கன்வெர்ட்டர் அல்லது நனைந்த கிளட்ச். அந்தச் சக்தியில் இரண்டு வளைவுகளுக்கு நடுவே உள்ள தூரம் கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும், இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருப்பதே நல்லது. இந்தியாவில் இந்த அளவு சக்தியுள்ள கார் மேனுவலாகக் கிடைப்பதும் மிகக் குறைவு. எம்2 மாதிரி ஒன்றை மேனுவலில் வாங்க வசதியும் இருந்து, அதற்கென்றே வைத்து ஓட்டவும் போகிறீர்கள் என்றால், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு

மலைப்பக்கம் ஓடிய வேகக் கார் என்றால் கியர்பாக்ஸைத் தனியாகச் சோதிக்க வேண்டும். மேனுவலில், சமதளத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் நாலாவது கியரைப் போட்டு முழுசாக மிதியுங்கள். முள் சுற்றை ஏற்றிக் காட்டியும் வேகம் அதற்கேற்ப ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. மிதியை முக்கால்வாசி விட்ட பிறகுதான் வண்டி நகர ஆரம்பிக்கிறது என்றாலும் தேய்மானம் என்று பொருள்.

டிசிடியைக் குளிர்ந்த நிலையில் ஒரு முறை, அரை மணி நேரம் ஓட்டிச் சூடான பிறகு ஒரு முறை, லேசான ஏற்றத்தில் நிறுத்திப் புறப்பட வையுங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது உடம்பு முழுக்க அதிர்கிற மாதிரி ஒரு நடுக்கம் இருந்தால் கிளட்ச் ஜோடியின் ஆயுள் குறைந்துவிட்டது. ரிவர்ஸில் ஏற்றத்தில் ஏற்றியும் பாருங்கள். முன்னால் நன்றாகப் போய்விட்டு ரிவர்ஸில் மட்டும் உதறும் பெட்டிகள் உண்டு. நனைந்த கிளட்ச் பெட்டிக்கு எண்ணெயும் ஃபில்டரும் எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று காரின் கையேட்டில் இருக்கும். அந்தக் கிலோமீட்டரில் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.